பொரிக்கு ஆபரேஷன் வேண்டுமா? ஆண் முயல் வளர்க்கும் வீடுகளில் எடுக்க வேண்டிய ஒரு முடிவு

பொரி எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு கைக்குள் அடங்கினான். சந்தையில் மூங்கில் கூடைக்குள் பத்துப் பன்னிரண்டு குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. விற்றவர் அதில் வெள்ளையாக ஒன்றைத் தூக்கி, "பெட்டைதான்மா, சாதுவா இருக்கும்" என்று என் மகளின் கையில் வைத்தார். மூன்றரை மாதத்தில், பெட்டை என்று வாங்கியது ஆண்தான் என்று தெரிந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். முயல் குட்டியில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது பழகிய கைக்கே தடுமாறும் வேலை. பத்துப் பன்னிரண்டு வாரம் ஆன பிறகுதான் விதைகள் கீழே இறங்கும்.

ஐந்தாவது மாதத்தில் தொடங்கியது. நான் அடுப்படியில் நிற்கும்போது அடித்தொண்டையில் "ம்க்... ம்க்..." என்று ஒரு சத்தத்தோடு என் காலைச் சுற்றுவான். மூன்று சுற்று, நான்கு சுற்று. அப்படியே ஒரு துள்ளல்; துள்ளும்போதே சிறுநீரைப் பீய்ச்சிவிடுவான். கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்த பள்ளிச் சீருடை, சோபா, சுவர், ஒருமுறை என் மாமியாரின் பூஜைக்கூடை. அந்த வாடை சாதாரண முயல் வாடை இல்லை, நாசியில் ஏறி நின்றுவிடும். புழுக்கையை ஒரு மூலையில் போட்டுக்கொண்டிருந்தவன் வீடு முழுக்கச் சிதறவிட்டுத் தன் எல்லையைக் குறிக்கத் தொடங்கினான். மகளின் கரடி பொம்மைமீது ஏறியே கிடந்தான். பொம்மையை எடுக்கப் போன கையைக் கடித்தான்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்து வீட்டு அண்ணன், "ஒரு பெட்டையை வாங்கி விடுங்க, அடங்கிடும்" என்றார். என் தம்பி, "பண்ணைக்காரங்க கிட்ட கொடுத்துடுக்கா" என்றான். கல்லூரியில் படிக்கும் மேல்மாடிப் பெண் "நியூட்டர் பண்ணிடுங்க ஆன்ட்டி" என்றாள். விதையை எடுத்துவிடும் கருத்தடை ஆபரேஷன் அது. மாமியார் மட்டும் நிதானமாகக் கேட்டார்: "வாயில்லா ஜீவன். அது பாட்டுக்கு இருக்கு. அதைப் போய் ஏம்மா அறுக்கணும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மருத்துவரிடம் போக எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மாதம் படித்தேன், விசாரித்தேன், மூன்று கால்நடை மருத்துவர்களைப் பார்த்தேன். அப்படித் தெரிந்துகொண்டவற்றை, இதே இடத்தில் நிற்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

பெட்டைக்கான காரணம் வேறு, ஆணுக்கான காரணம் வேறு

முயலுக்குக் கருத்தடை செய்யச் சொல்பவர்கள் பலர் முதலில் எடுப்பது புற்றுநோயைத்தான். பெட்டை முயலுக்கு அது முழு உண்மை. கருத்தடை செய்யாத பெட்டைகளில் மூன்று நான்கு வயதைத் தாண்டியவற்றுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருகிறது. சில இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு வரும். அதனால் பெட்டை வளர்ப்பவர் ஆயுளுக்காகவே ஆபரேஷன் செய்யலாம்.

ஆணுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வயதான ஆண் முயல்களுக்கு விதையில் கட்டி வருவதுண்டு. ஆனால் பெட்டைக்குக் கர்ப்பப்பையில் வரும் அளவுக்கு அது நடப்பதில்லை. விதையில் வீக்கம் தெரிந்தால் அப்போது எடுக்கவும் வழி இருக்கிறது. "செய்யலைன்னா கேன்சர் வந்து செத்துடும்" என்று ஆண் முயல் வைத்திருப்பவரைப் பயமுறுத்துவது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

அப்படியானால் ஆணுக்கு எதற்கு ஆபரேஷன்? அவன் எட்டுப் பத்து வருடம் எப்படி வாழப்போகிறான் என்பதற்காக. கூண்டுக்குள்ளா, வீட்டுக்குள்ளா? தனியாகவா, துணையோடா? இந்த இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

அப்படியே விட்டுவிடுவது

இதைக் கேவலமான வழி என்று நான் சொல்ல மாட்டேன். எல்லா ஆண் முயலும் பொரி மாதிரி இருப்பதில்லை. சில முயல்கள் வயதுக்கு வந்த பிறகும் சாதுவாகவே இருக்கும். தாடையால் நாற்காலிக் காலைத் தேய்த்துத் தன் வாசனையை ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும். வீட்டில் ஒரே ஒரு முயல், பெட்டை வரப்போவதே இல்லை, கழுவிவிடக்கூடிய பால்கனியோ மொட்டைமாடி அறையோ இருக்கிறது, வாடை வீட்டாரைத் தொந்தரவு செய்யவில்லை என்றால், கத்தி வைக்காமல் விடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. மயக்க மருந்தின் ஆபத்து அவனுக்கு இல்லை.

ஆனால் இந்த வழியில் நடப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முதலில் சோபாமேல் ஏறக்கூடாது என்பார்கள். பிறகு படுக்கையறைக் கதவை மூடுவார்கள். பிறகு பால்கனி மட்டும். பிறகு கூண்டு. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் இரண்டடிக்கு ஒன்றரை அடிக் கம்பிக்கூண்டில் ஒரு ஆண் முயல் மூன்று வருடமாக இருக்கிறது. தரையும் கம்பிதான். முயலுக்கு நாய் மாதிரி உள்ளங்காலில் மெத்தை கிடையாது, ரோமம்தான். அந்த முயலின் பின்னங்கால்களில் ரோமம் உதிர்ந்து புண்ணாகியிருக்கிறது. அந்த வீட்டார் கொடுமைக்காரர்கள் இல்லை. தினமும் கேரட் கொடுக்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வெளியே விட்டால் பீய்ச்சுகிறான் என்பதால் உள்ளேயே வைத்தார்கள், அவ்வளவுதான்.

மாமியாரின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அந்தக் கூண்டில்தான் இருந்தது. அறுக்காமல் விட்டால் "அது பாட்டுக்கு" இருக்கப்போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பிக்குள் போகப்போகிறது.

ஒரு பெட்டையை வாங்கி விடுவது

நான்கு வழிகளில் இதைத்தான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். அதிகம் பேர் சொல்லும் யோசனையும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாய்க்கு இருப்பதுபோலப் பெட்டை முயலுக்குக் குறிப்பிட்ட பருவம் இல்லை. ஆண் சேர்ந்த பிறகுதான் அதன் உடல் கருமுட்டையை வெளியிடும். ஆகவே "இந்த வாரம் சேர்க்காமல் இருந்தால் போதும்" என்ற கணக்கெல்லாம் நடக்காது. சேர்க்கை முடிய சில வினாடிகளே போதும். நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்திருக்கும். 30, 32 நாளில் குட்டி போடும். ஒரு ஈற்றில் நான்கிலிருந்து எட்டு சாதாரணம். குட்டி போட்ட அன்றே பெட்டை மறுபடி சினையாக முடியும். அதாவது முதல் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவை வயிற்றில் வளரும். ஆணைப் பிரித்து வைக்காத வீட்டில் மூன்று மாதத்தில் இருபது முயல் நிற்பது மிகை இல்லை. மூன்றாவது மாதக் கடைசியில் குட்டிகளையும் ஆண் வேறு பெண் வேறாகப் பிரிக்காவிட்டால் அண்ணன் தங்கைக்குள்ளேயே குட்டிகள் பிறக்கும்.

அந்த இருபதும் எங்கே போகும்? முதல் ஈற்றைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். இரண்டாவதைச் சந்தையில் விற்பார்கள். மூன்றாவதை யாராவது ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ விட்டுவிட்டு வருவார்கள். வீட்டு முயலின் பூர்வீகம் ஐரோப்பா. நம் புதர்க்காடுகளில் ஓடும் காட்டு முயல் வேறு இனம். அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெள்ளை நிறத்தில், நாயைப் பார்த்தால் ஓடவேண்டும் என்றுகூடத் தெரியாத வீட்டு முயல் அந்த இடத்தில் ஒரு ராத்திரியைத் தாண்டாது.

சரி, பெட்டை வேண்டாம், இன்னொரு ஆணைத் துணைக்கு விடலாம் என்று நினைத்தால் அது இன்னும் மோசம். வயதுக்கு வந்த இரண்டு ஆண் முயல்கள் சண்டையிடுவதைப் பார்த்தவர்கள் முயலைச் சாது என்று சொல்ல மாட்டார்கள். ஒன்றின் பின்பக்கத்தை ஒன்று கவ்வும். விதைப்பையைக் கடித்துக் கிழித்த கதைகள் மருத்துவர்களிடம் நிறைய இருக்கின்றன. அண்ணன் தம்பியாக ஒன்றாக வளர்ந்தவையும் ஐந்தாவது ஆறாவது மாதத்தில் இப்படி மாறிவிடும்.

"ஒரு தடவையாவது ஜோடி சேரட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணலாம்" என்பவர்களும் உண்டு. நம் மனதை அதன்மேல் ஏற்றிப் பார்க்கிறோம். முயலுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. பழக்கம் ஊறிப்போக இன்னும் சில மாதம் கிடைக்கிறது.

பண்ணைக்குக் கொடுப்பது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் முயல் பண்ணை என்றால் பெரும்பாலும் இறைச்சிப் பண்ணை. கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை வளர்த்துக் கொடுப்பதும் இறைச்சிக்காகத்தான். பல குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு, அதில் தப்பு எதுவும் இல்லை. "பண்ணையில சந்தோஷமா ஓடியாடும்" என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கொண்டுபோய் விடுவதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். பொரி என்று பெயர் வைத்தவனை என்னால் கொடுக்க முடியவில்லை.

ஆபரேஷன்: என்ன மாறும், என்ன மாறாது

ஊரில் ஆட்டுக்கிடாய்க்கும் காளைக்கும் காயடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இடுக்கி மாதிரி ஒரு கருவி, இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். முயலுக்கும் அப்படித்தானே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முயலைக் கட்டாயப்படுத்திப் பிடித்தாலே பயத்தில் பின்னங்காலை உதைத்து முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். முழு மயக்கத்தில், அறுவை அரங்கில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது.

மாறக்கூடியவை: சிறுநீர் பீய்ச்சுவது, காலைச் சுற்றுவது, பொம்மைமேலும் கைமேலும் ஏறுவது, எல்லைக்காகக் கடிப்பது, அந்தக் கடும் வாடை. பெரும்பாலான முயல்களில் இவை நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும். ஆனால் மறுநாளே எதிர்பார்க்கக் கூடாது. ஹார்மோனின் தாக்கம் வடிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஒரே மூலையில் புழுக்கை போடப் பழக்குவது அதன்பிறகு சுலபம்.

மாறாதவை: ஒயரைக் கடிப்பது, பாயைப் பிறாண்டுவது, தூக்கினால் உதறுவது. இவை முயலின் குணம், ஹார்மோனுக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் குறைவு. பயத்தில் கடிக்கும் முயலும் ஆபரேஷனால் மாறாது. நாம்தான் தரையில் உட்கார்ந்து பழக வேண்டும். இரண்டு மூன்று வருடம் பீய்ச்சிப் பழகிய முயல், ஹார்மோன் போன பிறகும் பழக்கத்தில் கொஞ்சம் தொடரலாம். சீக்கிரம் செய்வதில் இந்த லாபம் உண்டு.

விதைக்குழாயை மட்டும் வெட்டிக் கட்டினால் போதாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். குட்டி பிறக்காது, ஆனால் விதை உள்ளேயே இருப்பதால் பீய்ச்சலும் சண்டையும் அப்படியே இருக்கும். வீட்டு முயலுக்கு அதனால் அரைப் பயன்தான்.

இனி ஆபத்து. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட கால்நடை மருத்துவமனைகளில் திரட்டி 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மயக்க மருந்து கொடுத்ததை ஒட்டி இறந்தவை நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24, முயல்களில் 1.39. நோயில்லாத முயல்களை மட்டும் எடுத்தால் 0.73, அதாவது ஏறத்தாழ 140-இல் ஒன்று. என் நெஞ்சை அடைத்த எண் இது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. இறந்த முயல்களில் பாதிக்கும் மேற்பட்டவை மேஜையில் இறக்கவில்லை, ஆபரேஷன் முடிந்த பிறகு இறந்தன. உடம்பு சில்லிட்டுப்போவது, வலி, பயம், சாப்பிடாமல் குடல் நின்றுபோவது, இவையெல்லாம் அந்த நேரத்தில்தான் முயலைத் தாக்கும். அவற்றைத் தடுக்க மருத்துவராலும் முடியும், வீட்டாராலும் முடியும்.

ஆகவே ஆபரேஷனா இல்லையா என்பதைவிட யாரிடம் ஆபரேஷன் என்பது பெரிய கேள்வி என்று எனக்குப் பட்டது.

எந்த மருத்துவர்

நான் முதலில் போன இடத்தில் மருத்துவர் அன்பானவர். நாய்க்கும் பூனைக்கும் கைராசிக்காரர் என்று பேர். தேதி குறித்துக் கொடுத்துவிட்டு, "முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் கொடுக்காதீங்க" என்றார். அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நாயையும் பூனையையும் பட்டினி போடுவது, மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் போய்விடக் கூடாது என்பதற்காக. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் இருபத்துநான்கு மணி நேரமும் அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் ஆபரேஷனுக்கு முன்பே குடல் மந்தமாகிவிடும். வாயில் புல் இல்லாமல் இருக்கும்படி ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் நிறுத்தினால் போதும்.

நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் கெட்ட மருத்துவர் இல்லை, முயல் பார்த்துப் பழகாதவர்.

மூன்றாவதாகப் பார்த்த பெண் மருத்துவர், கூடையைத் திறப்பதற்கு முன்பே, "இன்னைக்கு எத்தனை புழுக்கை போட்டான்? சைஸ் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பாதி பயம் போனது. பிறகு நான் குறித்து வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன், சலிக்காமல் பதில் சொன்னார்.

மாதம் எத்தனை முயலுக்கு மயக்கம் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். மயக்கத்தின்போது ஆக்சிஜன் கொடுப்பார்களா, உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். ஆண் முயலுக்கு வயிற்றிலிருந்து விதைப்பைக்குப் போகும் துவாரம் ஆயுள் முழுக்கத் திறந்தே இருக்கும். பயந்தால் விதையை மேலே இழுத்துக்கொள்ளும். விதையை எடுத்த பிறகு குடல் அந்த வழியாக இறங்கிவிடாமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தெரிந்தவர் உடனே விளக்குவார். வலிக்கு எத்தனை நாள் மருந்து என்று கேளுங்கள். "முயலுக்கு வலி தெரியாது" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வலியை மறைப்பது இரையாகும் விலங்கின் இயல்பு. மறைத்துக்கொண்டே சாப்பாட்டை நிறுத்திவிடும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக்குகளை வாய்வழியாக முயலுக்குக் கொடுக்கவே கூடாது. குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து, விஷக்கிருமி பெருகி, இரண்டு மூன்று நாளில் உயிரை எடுத்துவிடும். மருந்துச்சீட்டில் இந்தப் பெயர்கள் இருந்தால் வாங்காமல் திரும்பக் கேளுங்கள். மருந்துக்கடையில் "இதே மாதிரி வேற கம்பெனி" என்று கொடுப்பதையும் பெயரைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

பெரிய நகரத்தில் இல்லாதவர்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். 1903-இல் தொடங்கி, சென்னை வேப்பேரியில் இயங்கும் கல்லூரி தெரிந்ததுதான்; நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கேயும் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் தேதி வாங்க வேண்டும்.

வயதும் காலமும்

விதை இறங்கி, உடம்பு தேறி, ஐந்து ஆறு மாதத்தில் செய்வது நல்லது. பெரிய இனமாக இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு மாதம் பொறுக்கலாம். ஐந்தாறு வயதுக்கு மேல் என்றால் இரத்தப் பரிசோதனை இல்லாமல் யோசிக்கவே வேண்டாம். அந்த வயதில் பழக்கத்துக்காக மட்டும் கத்தி வைப்பது தேவையா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். சளி, தும்மல், பல் கோளாறு, புழுக்கை சிறுத்துப்போதல், எதுவாக இருந்தாலும் அதைச் சரிசெய்த பிறகுதான் ஆபரேஷன். முயல் மூக்கால்தான் மூச்சு விடும். சளியோடு மயக்கம் கொடுப்பது மிக ஆபத்து.

நம் ஊருக்கு நான் சேர்க்கும் இரண்டு: கத்திரி வெயிலில் வேண்டாம். முப்பது டிகிரியைத் தாண்டினாலே முயல் திணறும், புண்ணோடும் பயத்தோடும் மின்வெட்டிலும் அதை வைத்திருக்க முடியாது. தீபாவளியை ஒட்டியும் வேண்டாம். சுகமாக இருக்கும் முயலே பட்டாசுச் சத்தத்தில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கும். நாங்கள் பொங்கல் முடிந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

அந்த ராத்திரி

மதியம் இரண்டு மணிக்குப் பொரியைக் கூடையில் வாங்கினேன். கண் திறந்திருந்தது. காது சில்லென்று இருந்தது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருந்தார்கள், வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் மூலையில் முதுகைக் குவித்து உட்கார்ந்தான். பல்லைச் சத்தமாக நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். வலி என்று அதற்கு அர்த்தம். வலி மருந்தைச் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் தள்ளாமல் கொடுத்தோம்.

அருகம்புல் வைத்தேன், முகரவில்லை. முள்ளங்கிக் கீரை வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வாயில் எதுவும் போகவில்லை என்றால் கூப்பிடச் சொல்லி மருத்துவர் தன் எண்ணைக் கொடுத்திருந்தார். ராத்திரி பத்து மணிக்கு மகள் தூங்காமல் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பதினொன்றரை இருக்கும். அவள் ஒரு கொத்தமல்லித் தண்டை அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். மூக்கு அசைந்தது. தண்டின் நுனி ஆடியது. ஒரு சின்ன 'நறுக்'. பிறகு இன்னொன்று. தண்டு அவள் விரல் வரை குறைந்துகொண்டே வந்தது. விடிகாலை மூன்று மணிக்கு வெள்ளைத் துணிமேல் ஏழு புழுக்கைகள் கிடந்தன. சின்னவைதான், ஆனால் காய்ந்து உருண்டையாக இருந்தன. மாமியாரை எழுப்பிக் காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

பத்து நாள் மரத்தூள் இல்லாமல் துணியும் காகிதமும் விரித்து வைத்தோம். தையலை நக்குகிறானா, வீங்குகிறதா என்று காலையும் மாலையும் பார்த்தோம். விதைப்பை முதல் நாட்களில் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். சிவந்தால், சூடாக இருந்தால், நீர் வடிந்தால் காத்திருக்காமல் போக வேண்டும்.

மறக்கக் கூடாத ஒன்று: விதையை எடுத்த பிறகும் குழாயில் மிச்சமிருக்கும் விந்தணுவால் நான்கிலிருந்து ஆறு வாரம் வரை பெட்டையைச் சினையாக்க முடியும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பத்தாவது நாள் "அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று இரண்டையும் ஒன்றாக விட்டது. அடுத்த மாதம் ஐந்து குட்டி.

ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு எளிதில் பெருக்கும். பொட்டலத் தீவனத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும். வளர்ந்த முயலுக்குக் குதிரைமசால் (லூசர்ன்) என்ற தீவனப்பயிரைத் தினமும் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து மிஞ்சிச் சிறுநீர் குழம்பிவிடும். அதை வாரத்தில் ஒருநாள் ருசிக்கு வைத்துக்கொண்டு, காய்ந்த புல்லும் அருகம்புல்லும்தான் பிரதானம் என்று பழக்குங்கள்.

எப்போது வேண்டாம் என்பேன்

முயலுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவர் எட்டும் தூரத்தில் இல்லையென்றால், தனியாக இருக்கும் ஆண் முயலுக்கு ஆபரேஷன் வேண்டாம். பழகாத கையில் கொடுப்பதைவிட, ஒரு அறையை அவனுக்கு ஒதுக்கி, தரையில் கழுவக்கூடிய விரிப்பு போட்டு, தினமும் மூன்று நான்கு மணி நேரம் ஓடவிட்டு வைத்துக்கொள்வது மேல். வயதானவன், நோயாளி, சாதுவானவன் என்றாலும் அப்படித்தான். ஆபரேஷன் முடிந்த இரண்டு நாள் வீட்டில் ஒருவர் இருக்க முடியாது என்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

வீட்டில் பெட்டை ஏற்கெனவே இருக்கிறது என்றால் யோசிக்க நேரமில்லை. இன்றைக்கே பிரித்து வையுங்கள், ஆணுக்கு முதலில் செய்யுங்கள். பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்குச் சின்னக் கீறல், குறைந்த நேரம், சீக்கிரம் தேறுவான். மற்றபடி, இளம் வயது, நல்ல உடம்பு, முயல் தெரிந்த மருத்துவர், வீட்டுக்குள் சுதந்திரமாக விட வேண்டும் என்ற ஆசை, இந்த நான்கும் சேர்ந்திருந்தால் நான் தயங்காமல் செய்யச் சொல்வேன். அந்த 140-இல் ஒன்றைத் தெரிந்தே சொல்கிறேன்.

பொரி மூன்றாவது வாரத்தில் காலைச் சுற்றுவதை நிறுத்தினான். ஐந்தாவது வாரத்தில் பீய்ச்சுவது நின்றது. தாடையால் கதவு நிலையைத் தேய்ப்பது மட்டும் இன்னும் இருக்கிறது, அது யாருக்கும் கெடுதல் இல்லை. கூண்டைக் கழற்றி மொட்டைமாடியில் வைத்துவிட்டோம். மத்தியான நேரத்தில் மாமியார் கீரை ஆயும்போது அவர் புடவைத் தலைப்பில் படுத்துக்கொள்கிறான், காம்புகள் அவனுக்கு.

முயல் தனியாக இருக்க விரும்பாத பிராணி. ஒரு வீட்டில் வளர்க்க முடியாமல் போன இரண்டு வயதுப் பெட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கும் முதலில் ஆபரேஷன். வெயில் ஏறிவிட்டதால் தை மாதம் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அதுவரை அவள் அந்த வீட்டிலேயே இருப்பாள். வாரம் ஒருமுறை அவள் படுத்த துணியை வாங்கிவந்து பொரிக்குப் போட்டு, வாசனையைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.